கணக்கு எழுதுகிறவளும் கிரேஸ் ஹாப்பரும்

ஐயா,

அமெரிக்கக் கம்ப்யூட்டர் முன்னோடி கிரேஸ் ஹாப்பர் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தேன். எனக்கு 36 வயது. தமிழ் வழியில் பி.எஸ்சி. கணிதம் படித்துவிட்டு மண்டபத்தில் ஒரு மீன் கம்பெனியில் கணக்கு எழுதுகிறேன். மீன்பிடித் தடைக்காலம் என்பதால் இப்போது வேலை குறைவு. கம்ப்யூட்டர் படிக்க ஆசையாக இருக்கிறது. ஆனால் ஹாப்பர் யேல் பல்கலைக்கழகத்தில் டாக்டர் பட்டம் வாங்கியவர். நான் வெறும் கணக்கு எழுதுகிறவள். இங்கிலீஷும் அவ்வளவாக வராது. இந்த வயதில் முடியுமா? கம்ப்யூட்டர் மொழிகளில் பைத்தான் படிப்பதா, ஜாவா படிப்பதா? ஹாப்பர் வேலை பார்த்த இடத்தில் கம்ப்யூட்டருக்குள் பூச்சி பிடித்த கதையை நீங்கள் ஏன் எழுதவில்லை?

ஒரு வாசகி, மண்டபம்

அன்புள்ள தங்கச்சிக்கு,

பூச்சிக் கதையை எல்லோரும் சொல்லிவிட்டார்கள், அது இருக்கட்டும். வயதையும் தள்ளி வையுங்கள். 1943 டிசம்பரில் அமெரிக்கக் கடற்படையில் சேர்ந்தபோது ஹாப்பருக்கு 37 வயது. வயது அதிகம், எடை குறைவு என்று முதலில் அவரைச் சேர்க்கவே தயங்கினார்கள். ஹார்வர்டில் மார்க் 1 என்ற கம்ப்யூட்டரின் முன் போய் நின்றது அடுத்த வருடம்தான். 1986இல் ரியர் அட்மிரலாக ஓய்வு பெற்றபோது 79. போதுமா?

எனக்குக் கோபம் வந்தது 'வெறும் கணக்கு எழுதுகிறவள்' என்ற இடத்தில்.

என் அப்பா பாம்பனில் மீன் கமிஷன் கடை வைத்திருந்தார். பள்ளிக்கூட லீவில் சிட்டையில் இருப்பதைப் பேரேட்டில் ஏற்றுவது என் வேலை. டீசல், ஐஸ், முன்பணம் எல்லாம் உப்புத் தண்ணீர் பட்ட துண்டுச்சீட்டில் இருக்கும். 1 எது, 7 எது என்று தெரியாது. ஒருவர் வாசிக்க ஒருவர் எழுதினாலும் 16 போய் 61 ஏறியிருக்கும். அப்பா ராத்திரி வரை தப்பைத் தேடுவார். கணக்கு முடியாமல் பங்கு பிரிக்க முடியாது என்பதால் படகுக்காரர்கள் திண்ணையிலேயே உட்கார்ந்திருப்பார்கள்.

பிலடெல்பியாவில் யூனிவாக் என்ற ஆரம்பகாலக் கம்ப்யூட்டரில் வேலை பார்த்த ஹாப்பருக்கும் இதே தலைவலிதான். அடிக்கடி தேவைப்படும் கணக்கு வழிகளைச் சின்னச் சின்ன நிரல்களாக, அதாவது கம்ப்யூட்டருக்கான கட்டளை வரிசைகளாக எழுதி, சரிபார்த்து, நோட்டில் வைத்திருந்தார்கள். வேண்டும்போது அடுத்தவர் நோட்டைப் பார்த்து எழுதிக்கொள்வது வழக்கம். அப்படி எழுதும்போது 'B' என்ற எழுத்து 13 ஆகிவிடும். அதோடு ஒவ்வொரு துண்டு நிரலும் பூஜ்ஜியத்தில் ஆரம்பிக்கும். அதைப் புதிய இடத்தில் வைத்தால் உள்ளே நினைவகத்தின் இடங்களைக் குறிக்கும் எண்களை எல்லாம் கூட்டி மாற்ற வேண்டும். கூட்டலிலும் தப்பு வரும். இவ்வளவும் செய்தவர்கள் பெரிய கணிதக்காரர்கள்!

ஹாப்பர் அந்தத் துண்டுகளை டேப்பில் ஏற்றி, ஒவ்வொன்றுக்கும் ஒரு அடையாள எண் கொடுத்தார். எடுத்து அடுக்குவதையும் எண்களைக் கூட்டுவதையும் இயந்திரத்தின் தலையிலேயே கட்டிவிட்டார். 1952இல் வந்த ஏ-0 கம்பைலர் இதுதான். யேலில் இதைச் சொல்லிக் கொடுத்திருக்க மாட்டார்கள். பார்த்து எழுதி எழுதிச் சலித்தவருக்குத்தான் இது தோன்றும். நீங்கள் எத்தனை வருடமாகச் சலித்துக்கொண்டிருக்கிறீர்கள்?

அதற்கு அப்புறம் அவர் யாருக்காக உழைத்தார் என்று பாருங்கள். சம்பளப் பட்டியல் போடுகிறவர்கள், சரக்கு இருப்புப் பார்க்கிறவர்கள், பில் எழுதுகிறவர்கள். குறியீடுகளைக் கண்டால் இவர்கள் மிரளுவார்கள் என்று சாதாரண ஆங்கிலச் சொற்களிலேயே கட்டளை எழுதும்படி ஃப்ளோமேட்டிக் என்ற மொழியை உருவாக்கினார். 1959இல் வேலை தொடங்கிய கோபோல் மொழி அதிலிருந்து நிறைய எடுத்துக்கொண்டது. வங்கிக் கணக்குகள் பலவற்றை இன்றும் கோபோல்தான் பார்த்துக்கொள்கிறது. கணக்கு எழுதுகிறவர்களுக்காகக் கட்டிய வீட்டு வாசலில் நின்றுகொண்டு, உள்ளே வரலாமா என்று கேட்கிறீர்கள். என்னம்மா இது?

இங்கிலீஷ் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். ஃப்ளோமேட்டிக் மொழியைத் தன் கம்பெனி நிர்வாகத்துக்குக் காட்டும்போது, இங்கிலீஷ் சொற்களுக்குப் பதிலாக பிரெஞ்சு, ஜெர்மன் சொற்களைப் போட்டும் ஹாப்பர் ஓட்டிக் காட்டினார். இயந்திரத்துக்கு எல்லாம் ஒன்றுதானே. நிர்வாகம் அதிர்ந்து போனது: அமெரிக்காவில் செய்த கம்ப்யூட்டருக்கு பிரெஞ்சு எப்படிப் புரியும்? இங்கிலீஷ் மட்டும்தான் என்று உறுதி சொல்லி அவர்களைச் சமாதானப்படுத்த ஹாப்பருக்கு மாதக்கணக்கில் ஆனது. அந்த நிர்வாகத்தின் பயத்தை நீங்கள் ஏன் தூக்கிச் சுமக்கிறீர்கள்? பைத்தானில் மனப்பாடம் செய்ய வேண்டிய சொற்கள் நாற்பதுகூட இல்லை.

ஜூன் 14 வரை தடைக்காலம். அதற்குள் ஒரு வேலை செய்யுங்கள். ஒரு விசைப்படகு கரைக்கு வந்ததிலிருந்து பங்கு பிரிப்பது வரை உள்ள கணக்கை, ஒரு வரிக்கு ஒரு வேலை என்று தமிழில் எழுதி எனக்கு அனுப்புங்கள். மீன் விற்ற தொகையைவிட டீசல் செலவு அதிகமாகிப்போன நாளில் என்ன செய்வீர்கள் என்பதற்கும் ஒரு வரி வேண்டும். முதல் தடவை எழுதுகிறவர்கள் எல்லோரும் அதைத்தான் விட்டுவிடுவார்கள்.