அப்டேட்டை நிப்பாட்டி வைச்சால் என்ன நட்டம்?

இப்பிடி ஒருத்தர் கேட்டிருக்கிறார். கேள்வியைப் பார்த்தால் ரைப்பிங் கடை போல: நாலு கணினி, விண்டோஸ் 10, ஒரு ரவுட்டர். டேட்டா முடியும், இடையில கரண்ட் போனால் மிஷினும் போயிடும் எண்டு ஆரோ பயப்படுத்தி அப்டேட்டை நிப்பாட்டி விட்டிருக்கினம்.

நட்டத்துக்கு உதாரணம் சொல்ல வன்னாக்ரை எண்ட வைரஸ் போதும். அது நுழைஞ்ச எஸ்எம்பி (மிஷின்களுக்கிடையில பைல் பகிர்ற முறை) ஓட்டைக்கு மைக்ரோசொஃப்ட் 2017 மார்ச் 14 இலேயே பேட்ச் (ஓட்டையை அடைக்கிற அப்டேட்) விட்டது. வைரஸ் பரவினது மே 12. ஆரும் எதையும் கிளிக் பண்ணத் தேவையில்லை, எஸ்எம்பி பாவிக்கிற 445ஆம் போர்ட் (நெட்வேர்க் வாசல்) வழியா பக்கத்து மிஷினுக்குத் தானாகவே ஏறும். "என்னட்டத் திருட என்ன கிடக்கு" எண்டு வாற ஆக்களுக்கு: அது பைல்களைப் பூட்டிப்போட்டுக் காசு கேட்டது.

முதல் வேலை, பதிப்பைப் பாக்கிறது. விண்டோஸ் 10க்கான வழமையான ஆதரவு 2025 ஒக்டோபர் 14 உடன் முடிஞ்சுது. ஈஎஸ்யூ எண்ட நீடிச்ச பாதுகாப்பு அப்டேட் திட்டத்தில பதிஞ்சால்தான் 2026 ஒக்டோபர் 13 வரை பேட்ச் வரும். அதுக்கு 22எச்2 பதிப்பு வேணும். ஸ்டார்ட் மெனுவில வின்வர் (winver) எண்டு அடிச்சுப் பாருங்கோ.

மாதாந்த பேட்ச் ரெண்டாவது செவ்வாய், எங்கட இலங்கை நேரத்துக்கு இரவு பத்தரைக்குப் பிறகு வரும். டெலிவரி ஒப்டிமைசேஷனில (இறக்கின அப்டேட்டை மிஷின்களுக்கிடையில பகிர்ற செட்டிங்) உள்ளூர் நெட்வேர்க்கை மட்டும் தெரிவு செய்து, ஒரு மிஷினில முதல் இறக்குங்கோ. மற்ற மூண்டும் பெரும்பகுதியை அதிலயிருந்தே எடுக்கும். கையால இறக்கினால் 64 பிட்டா 32 பிட்டா எண்டு பாருங்கோ; மாறினால் "பொருந்தாது" எண்டு நிண்டிடும்.

பிறகு ஷட் டவுன் இல்லை, ரீஸ்டார்ட். ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப் போட்டிருந்தால் வெறும் ஷட் டவுனில கேர்னல் (விண்டோஸின்ட அடிப்பகுதி) முழுசா மூடாது, பேட்ச் அரைகுறையா நிக்கும். நீலத்திரையில வீதம் ஏறேக்க யூபிஎஸ் இருக்கட்டும். கரண்ட் போனாலும் அநேகமாத் தானே பழைய நிலைக்குத் திரும்பும். அந்த நேரம் பட்டனை அமத்தாதேங்கோ, அரை மணித்தியாலம் ஆனாலும் விடுங்கோ.

எஸ்எம்பியின்ட பழைய பதிப்பான எஸ்எம்பி 1ஐ விண்டோஸ் ஃபீச்சர்ஸில நிப்பாட்டுங்கோ. பழைய போட்டோக்கொப்பி மிஷின் ஃபோல்டருக்கு ஸ்கான் அனுப்புறது அதோட நிக்கலாம், பென்ட்ரைவில எடுங்கோ.

அப்டேட் பண்ணினால் பாமினி (யூனிகோட் இல்லாத பழைய தமிழ் எழுத்துரு) போயிடும் எண்ட கதையும் பொய், அப்டேட் அதைத் தொடாது. உண்மையில போகவேண்டியது அதுதான்! யூனிகோட் வந்து இவ்வளவு காலமாகியும் விண்ணப்பங்களைப் பாமினியில அடிச்சு அனுப்பச் சொல்லுற அலுவலகங்களை என்ன செய்யிறது?