தம்பி கல்யாணத்துக்கு மூன்று நாள்: மகனை எங்கே விடுவது?

தம்பி கல்யாணத்துக்குப் போய்வர, மூளை முடக்குவாதம் உள்ள மகனை மூன்று நாள் மட்டும் ஓர் இல்லத்தில் விடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். விடலாம். ஆனால் "சேர்த்துக்கொள்வீர்களா" என்று கேட்காதீர்கள். "சில நாள் தங்கவைத்துப் பார்த்துக்கொள்வீர்களா" என்று கேளுங்கள். ஈரோட்டில் இரண்டு இல்லங்கள் கைவிரித்ததற்கு அநேகமாக அந்தச் சொல்தான் காரணம். சேர்ப்பது என்றால் அவர்களுக்கு நிரந்தரம்.

அந்த இல்லங்கள் பாதுகாவலர் சான்று கேட்டதிலும் நியாயம் இருக்கிறது. மகனுக்கு 19 வயது என்கிறீர்கள். 18 தாண்டிவிட்டால் பெற்றோர் தானாகவே சட்டப்பூர்வ பாதுகாவலர் ஆவதில்லை. 1999-ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி, உங்களைப் பாதுகாவலராக நியமிக்கும்படி, ஆட்சியர் தலைமையிலான உள்ளூர் அளவிலான குழுவிடம் மனுப் போட வேண்டும். முகூர்த்தத்துக்குள் கிடைக்கும் என்று நம்பியிருக்காதீர்கள். ஆனால் மனுவை இப்போதே கொடுத்துவிடுங்கள்.

மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில், பதிவு பெற்ற இல்லங்கள் எவை என்று விசாரியுங்கள். ஒன்று அமைந்தால், முதலில் ஒரு பகல் மட்டும் விட்டுப் பாருங்கள். அரிசிம்பருப்புச் சோற்றை எவ்வளவு குழைப்பது, எப்படி நிமிர்த்தி உட்காரவைத்து ஊட்டுவது, தண்ணீர் வேண்டுமென்றால் என்ன சத்தம் எழுப்புவான் என்பதையெல்லாம் தாளில் எழுதிக் கொடுங்கள். அவசரமாக ஊட்டினால் புரையேறும்.

வலிப்பு வருமா என்று நீங்கள் எழுதவில்லை. வருமென்றால், இரவில் செவிலியர் இல்லாத இடத்தில் விடாதீர்கள். அப்போது பழகிய ஒருவரை வீட்டிலேயே இருத்திவிட்டு, மாப்பிள்ளைக்கு அவர் சகோதரி செய்யும் இணைச்சீர்ச் சடங்கு முடிந்ததும் திரும்பிவிடுங்கள். அதற்குத்தான் உடன்பிறந்தவள் கட்டாயம் வேண்டும். மற்ற இரண்டு நாளுக்குக் கோபித்துக்கொள்கிறவர்கள் கோபித்துக்கொள்ளட்டும்.