2147483647: ஆய்லரின் வகுத்தல்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

2-இன் 31-ஆம் அடுக்கிலிருந்து 1-ஐக் கழித்தால் கிடைக்கும் 2147483647 ஒரு பகா எண் என்பதைக் கணிதவியலாளர் ஆய்லர் 1772-இல் நிறுவியதாக எழுதியிருந்தீர்கள். இதன் வர்க்கமூலத்திற்குள், அதாவது 46340 வரை, 4792 பகா எண்கள் இருக்கின்றன. அத்தனையாலும் அவர் கையாலேயே வகுத்துப் பார்த்தாரா? கணினியில் முழு எண்ணின் உச்ச வரம்பாகவும் இதே எண்ணைத் தினமும் பார்க்கிறேன். அதற்கும் இது பகா எண்ணாக இருப்பதற்கும் தொடர்பு உண்டா?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

அத்தனையாலும் வகுக்க வேண்டிய தேவை அவருக்கு இருக்கவில்லை. இந்த எண்ணுக்குக் காரணி என்று ஒன்று இருந்தால் அது எந்த வடிவில்தான் இருக்க முடியும் என்பதை அவர் முதலில் தீர்மானித்துக்கொண்டார்; என்னைப் பொறுத்தவரை அந்த நிறுவலின் அழகு முழுவதும் அங்கேதான் இருக்கிறது.

'ப' என்னும் பகா எண் இதை மீதியின்றி வகுப்பதாகக் கொள்வோம். அப்படியானால் 2-இன் 31-ஆம் அடுக்கை அதனால் வகுக்க மீதி 1 வரும். மீதி 1 முதன்முதலில் தோன்றும் அடுக்கு 31-இன் காரணியாக இருந்தாக வேண்டும். 31 பகா எண், முதல் அடுக்கிலேயே மீதி 1 வர வழியில்லை, ஆகவே அந்த அடுக்கு 31-தான். ஃபெர்மாவின் சிறிய தேற்றப்படி 'ப'வுக்கு ஒன்று குறைவான அடுக்கிலும் மீதி 1 வருவதால், அந்த ஒன்று குறைந்த எண் 31-இன் மடங்காகிறது. 'ப' ஒற்றைப்படை என்பதால் 62-இன் மடங்கும் ஆகிறது. மேலும், 2-இன் 32-ஆம் அடுக்கு ஒரு வர்க்க எண். அது மீதியாக 2-ஐத் தருகிறது. வர்க்க எண் ஒன்று 2-ஐ மீதியாகத் தர வேண்டுமானால், 'ப'வை 8-ஆல் வகுக்க 1 அல்லது 7 மட்டுமே மீதியாக வர முடியும். இரண்டையும் சேர்த்தால், 'ப'வை 248-ஆல் வகுக்கும்போது மீதி 1 அல்லது 63.

உங்கள் 4792 பகா எண்களில் இந்தச் சல்லடையில் தங்குபவை ஏறக்குறைய எண்பதுதான். முதலில் வருவது 311. அதனால் வகுத்தால் மீதி 35. அடுத்து வருவது 1303, மீதி 226. இடைப்பட்ட 148 பகா எண்களில் ஒன்றைக்கூடத் தொட வேண்டியதில்லை.

அடுக்கு பகா எண்ணாக இருந்துவிட்டால் மட்டும் போதாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். 2-இன் 11-ஆம் அடுக்கிலிருந்து 1-ஐக் கழித்தால் வரும் 2047 என்பது 23-ஐ 89-ஆல் பெருக்கிய எண். அவற்றிலிருந்து ஒன்றைக் கழித்துப் பாருங்கள்: 22, 88, இரண்டும் 22-இன் மடங்குகள். காரணி இருக்கும்போது அது சொன்ன வடிவிலேயே வந்து நிற்கிறது. பார்வையை ஏறக்குறைய முழுவதும் இழந்துவிட்ட நிலையில், பீட்டர்ஸ்பர்க்கிலிருந்து சக கணிதவியலாளர் பெர்னூலிக்கு எழுதிய கடிதத்தில் ஆய்லர் இந்த முடிவைத் தெரிவித்தார் என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு நெகிழ்கிறது.

கணினி வரம்போடு இது பொருந்துவது தற்செயல். முழு எண்ணை எழுதும் 32 பிட்டுகளில் (0 அல்லது 1 நிற்கும் இடங்களில்) ஒன்று கூட்டல்-கழித்தல் குறிக்குப் போக, மீதம் 31. அது மெர்சென் பகா எண்ணுக்குரிய, அதாவது 2-இன் அடுக்கிலிருந்து 1-ஐக் கழித்து வரும் பகா எண்ணுக்குரிய, அடுக்காக அமைந்துவிட்டது. 64 பிட்டுகளில் மீதம் 63, அது 7-இன் மடங்கு; எனவே அங்குள்ள உச்ச வரம்பான 9223372036854775807-ஐ, 2-இன் 7-ஆம் அடுக்கிலிருந்து 1-ஐக் கழித்து வரும் 127 மீதியின்றி வகுக்கும், ஈவு 72624976668147841.