சேமிக்கும்போது மட்டும் நினைவகம் ஏன் எகிறுகிறது?

கேள்வி: என் பைத்தான் நிரல் பல லட்சம் பதிவுகளைத் திரட்டி, அகராதிக்குள் பட்டியல், பட்டியலுக்குள் அகராதி என்று அடுக்குகிறது. அதுவரை சிக்கல் இல்லை. பிக்கிள் (பைத்தான் பொருள்களைக் கோப்பில் சேமிக்கும் தொகுதி) கோப்பாகச் சேமிக்கத் தொடங்கியதும் நினைவகப் பயன்பாடு கிடுகிடுவென ஏறி, பிழைச்செய்தி எதுவும் இல்லாமல் நிரல் நின்றுவிடுகிறது. ஜேசன் என்னும் எழுத்துவடிவக் கோப்புக்கு மாறியும் பயனில்லை. குறைந்த தரவில் சேமிப்பு முடிந்தாலும், நினைவகம் பழைய அளவுக்கு இறங்குவதில்லை. ரேமைக் கூட்டுவதுதான் வழியா?

பதில்: ரேம் வாங்க அவசரப்படாதீர்கள். தரவு இன்னும் கொஞ்சம் பெருத்ததும் மறுபடி இதே இடத்தில் வந்து நிற்பீர்கள். பிழைச்செய்தி இல்லாமல் நிற்கிறது என்றால், பெரும்பாலும் நினைவகம் தீர்ந்து இயங்குதளமே நிரலை முடித்துவைத்திருக்கும். உங்கள் தரவுக்கு இடம் போதுகிறது. சேமிக்கும் வேலைக்குத்தான் போதவில்லை.

முதலில் ஓர் எழுத்தைப் பாருங்கள். நிரலில் இருப்பது ‘டம்ப்’ என்ற கட்டளையா, ‘டம்ப்ஸ்’ என்ற கட்டளையா? இரண்டாவது, மொத்தத் தரவையும் ஒரே பைட் தொடராக நினைவகத்திலேயே உருவாக்கிக் கையில் கொடுக்கிறது. ‘டம்ப்’ நேரே கோப்புக்கு எழுதும். ஆனால் பிக்கிள் வடிவத்தின் பதிப்பைக் குறிக்கும் புரோட்டோகால் எண்ணையும் கவனியுங்கள். 4 அல்லது அதற்கு மேல் என்றால், இன்றைய பைத்தான் சுமார் 64 கிலோபைட் சேர்ந்ததும் கோப்புக்குத் தள்ளிவிடுகிறது. பழைய நிரலிலிருந்து 2 அல்லது 3 ஒட்டிக்கொண்டு வந்திருந்தால், ஏறக்குறைய முழு வெளியீடும் திரண்ட பிறகே எழுதப்படும்.

இதைச் சரிசெய்தும் ஏற்றம் நிற்கவில்லையா? அப்படியானால் காரணம் பிக்கிளின் உள்ளே இருக்கும் ‘மெமோ’ என்னும் குறிப்பேடு. எழுதும் ஒவ்வொரு பட்டியலையும் அகராதியையும் சரத்தையும் (எழுத்துத் தொடரையும்) அது பதிந்துவைக்கிறது. அதே பொருள் மறுபடி வந்தால் திரும்ப எழுதாமல் சுட்டிக்காட்டத்தான் இந்த ஏற்பாடு. எண்கள் இதில் சேர்வதில்லை. 64 பிட் கணினியில் குறிப்பேட்டின் ஓர் இடத்துக்கு 16 பைட்தான். ஆனால் மூன்றில் இரண்டு பங்கு நிரம்பியதும் குறிப்பேட்டின் அட்டவணை பெரிதாக்கப்படுகிறது. மாற்றி முடியும்வரை பழையதும் புதியதும் சேர்ந்தே இருக்கும். ஒரு கோடிப் பொருள்கள் இருந்தால் குறிப்பேடு மட்டுமே 250 மெகாபைட்டைத் தாண்டிவிடும்.

இன்னொன்று, மெமோ பார்ப்பது அதே பொருளா என்பதைத்தான். அதே எழுத்துகளா என்பதை அல்ல. கோப்பு வரிகளைப் பிரித்து எடுத்த ஒரே ஊர்ப்பெயர் லட்சம் முறை வந்தால், அவை லட்சம் தனித்தனிச் சரங்கள். சேகரிக்கும்போதே அவற்றை ஒரே எழுத்துகள் கொண்ட சரங்களை ஒரே பொருளாக்கும் ‘சிஸ்’ தொகுதியின் ‘இன்டெர்ன்’ வழியாக அனுப்பினால் தரவும் இளைக்கும், கோப்பும் இளைக்கும்.

என் பரிந்துரை: மொத்த அமைப்பையும் ஒரே அழைப்பில் சேமிக்காதீர்கள். கோப்பைத் திறந்துவைத்து, பதிவுக்கு ஒரு ‘டம்ப்’ அழைப்பு என்று எழுதுங்கள். அழைப்பு முடிந்ததும் அதன் குறிப்பேடும் போய்விடும். படிக்கும்போது கோப்பு முடிந்ததற்கான பிழை எழும்வரை ‘லோட்’ அழைப்பை மீண்டும் மீண்டும் விடுங்கள். பதிவுகள் ஒன்றையொன்று சுட்டுகின்றன என்றால் மட்டும் இது ஒத்துவராது. பகிர்ந்த பொருள்கள் படிக்கும்போது தனித்தனி நகல்களாகிவிடும். அத்தகைய தரவுக்கு எஸ்கியூலைட் என்னும் சிறு தரவுத்தளம் நல்ல இடம்.

ஜேசனிலும் ‘டம்ப்ஸ்’தான் பெரும்பாலும் குற்றவாளி, அதிலும் தமிழ்த் தரவில். இயல்பான அமைப்பில் ‘க’ என்ற ஒரே எழுத்து ஆறு குறிகளாக விரிகிறது. அதைத் தவிர்க்க, அடிப்படை ஆங்கிலக் குறிகளை மட்டும் எழுதவிடும் ஆஸ்கி கட்டுப்பாட்டை அணைத்தால் கோப்பு சிறுக்கும். நினைவகத்தில் நிலைமை வேறு. பைத்தான் 3.3 முதல், ஒரு சரத்தில் உள்ள மிக அகலமான எழுத்தே மற்ற எல்லாவற்றுக்கும் அகலத்தைத் தீர்மானிக்கிறது. தமிழ் எழுத்து ஒன்று இருந்தால் ஒவ்வொரு குறிக்கும் 2 பைட். எங்கோ ஒரு மூலையில் ஒரு எமோஜி இருந்தால் 4 பைட். எனவே இங்கும் பதிவுக்கு ஒரு வரி என்று எழுதுவதே நல்லது.

எதை மாற்றினாலும், முதலில் தற்காலிகக் கோப்பில் எழுதி முடித்துப் பிறகு பெயர் மாற்றுங்கள். எழுதுவதற்காகத் திறந்த நொடியிலேயே பழைய கோப்பு காலியாகிவிடும். பாதியில் நிரல் செத்தால் இரண்டும் போச்சு.

அளக்க, ஒரு பொருளின் அளவைச் சொல்லும் ‘கெட்சைஸ்ஆஃப்’ உதவாது. லட்சம் உறுப்புகள் கொண்ட பட்டியலுக்கு அது சுமார் 8 லட்சம் பைட் என்றே சொல்லும். உள்ளே இருப்பவற்றை எண்ணாது. தரவில் பத்தில் ஒரு பங்கை எடுத்து, நினைவகக் கணக்கை வைத்திருக்கும் பைத்தான் தொகுதியான ‘டிரேஸ்மாலாக்’ காட்டும் உச்ச அளவைச் சேமிப்புக்கு முன்னும் பின்னும் பாருங்கள்.

நினைவகம் இறங்காதது பெரும்பாலும் கசிவு (தேவை முடிந்தும் விடுவிக்கப்படாத நினைவகம்) அல்ல. பைத்தான் சிறு பொருள்களுக்கான இடத்தைப் பெரிய துண்டுகளாக வாங்குகிறது; ஒரு துண்டில் ஒரே ஒரு பொருள் உயிரோடு இருந்தாலும் அந்தத் துண்டு இயங்குதளத்துக்குத் திரும்பாது. ஐயம் தீர, ஒரே ஓட்டத்தில் பல முறை சேமித்துப் பாருங்கள். உச்ச அளவு மாறாமல் நின்றால் கவலை வேண்டாம். ஒவ்வொரு முறையும் ஏறினால், பிக்கிளில் எழுதும் வேலையைச் செய்யும் ஒரே ‘பிக்ளர்’ பொருளைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்துகிறீர்களா என்று தேடுங்கள். அதன் குறிப்பேடு தானாக அழியாது. எழுதி முடித்த பொருள்களையும் விடாமல் பிடித்துவைத்திருக்கும். ஒவ்வொரு பதிவுக்குப் பிறகும் ‘கிளியர் மெமோ’ அழைப்பைச் சேர்த்தால் ஏற்றம் நின்றுவிடும்.