உப்பிய பற்றரியும் ஒடுங்கிய குசினியும்

வெள்ளவத்தையிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார்:

"காலி வீதிக்குக் கடற்கரைப் பக்கமாக உள்ள தொடர்மாடியில், நான்காம் மாடியில் இருக்கிறோம். குசினி எட்டடிக்கு ஆறடி. 2013இல் வாங்கிய 15.6 அங்குல மடிக்கணினி ஒன்று சும்மா கிடக்கிறது. கீல் தளர்ந்துவிட்டதால் திரை நிமிர்ந்து நிற்பதில்லை, பின்னுக்குச் சாய்கிறது. பற்றரி பத்து நிமிடம்கூடத் தாங்காது. மேசையில் வைத்தால் சற்று ஆடுகிறது. மற்றப்படி நன்றாகத்தான் வேலை செய்கிறது. அம்மா சமைக்கும்போது வானொலி கேட்கவும், ரொறன்ரோவில் இருக்கும் தங்கையோடு முகம் பார்த்துப் பேசவும் அதைக் குசினியில் வைக்க ஆசை. ஆனால் மேடையில் தேங்காய் திருவவே இடம் போதாது. எங்கே, எப்படி வைப்பது?"

இடம் இருக்கிறது. மேடையில் ஓர் அங்குலம்கூடப் பிடிக்காமல் வைக்க முடியும். ஆனால் அதற்கு முன், நீங்கள் போகிற போக்கில் எழுதிய ஒரு வரியில் நான் நின்றுவிட்டேன். மேசையில் வைத்தால் ஆடுகிறது என்கிறீர்கள். தட்டையாக இருந்த கணினி ஆடத் தொடங்கினால், பெரும்பாலும் அதன் அடிப்பக்கம் உப்பியிருக்கிறது என்று பொருள். பத்து நிமிடம் தாங்காத பற்றரியும் சேர்ந்தால் சந்தேகம் இன்னும் வலுக்கிறது. லித்தியம் அயன் பற்றரி பழுதடையும்போது உள்ளே இருக்கும் மின்பகுபொருள் சிதைந்து வாயுவாகிறது. அந்த வாயுதான் உறையைத் தள்ளுகிறது. அப்படிப்பட்ட பற்றரி சூடானாலோ, அழுத்தப்பட்டாலோ, குத்துப்பட்டாலோ தீப்பற்றலாம். அதை அடுப்பு எரியும் அறைக்குள் கொண்டுபோகவே கூடாது.

ஆகவே இன்றைக்கே கணினியை நிறுத்தி, மின்னிணைப்பைக் கழற்றுங்கள். இனி ஒருமுறையும் சார்ஜ் ஏற்ற வேண்டாம். அந்தக் காலத்து மடிக்கணினிகள் பெரும்பாலானவற்றில் அடிப்பக்கத்தில் இரண்டு தாழ்கள் இருக்கும். அவற்றை விலக்கினால் பற்றரி தானாகக் கழன்றுவிடும். உப்பலால் அது இறுகியிருந்தால் கத்தியோ ஸ்க்ரூ டிரைவரோ கொண்டு நெம்பாதீர்கள். பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவில் கணினி திருத்தும் கடைகள் நிறைய இருக்கின்றன. அங்கே கொண்டுபோய், "உப்பிய பற்றரியை எடுக்க வேண்டும்" என்று முதலிலேயே சொல்லிவிட்டுக் கொடுங்கள். கழற்றிய பற்றரியைக் காய்ந்த மணல் போட்ட தகரப் பெட்டியில் வைத்து, வெயில் படாத இடத்தில், எரியக்கூடிய பொருட்களுக்கு எட்டத்தில் வையுங்கள். மாநகரசபை வண்டிக்குப் போகும் குப்பையில் போட வேண்டாம். குப்பை லொறியின் அழுத்தத்தில் அது வெடித்தால் காயப்படுவது அங்கே வேலை செய்யும் தொழிலாளி. மத்திய சுற்றாடல் அதிகாரசபையின் அனுமதிப்பத்திரம் பெற்ற இலத்திரனியல் கழிவு சேகரிப்பாளர்களிடம் ஒப்படையுங்கள்.

பற்றரி இல்லாமலே, சார்ஜரில் நேரடியாக இத்தகைய கணினி பெரும்பாலும் ஓடும். சில மாதிரிகள் பற்றரி இல்லையென்றால் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். வானொலிக்கும் சமையல் குறிப்புக்கும் அது தடையல்ல. மின்சாரம் போனால் அந்தக் கணமே அணைந்துவிடும் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். மின்சாரம் திரும்பும்போதெல்லாம் திகதி பழைய ஆண்டுக்குப் போனால், உள்ளே இருக்கும் சிஆர்2032 என்ற நாணய வடிவ மின்கலத்தை மாற்றினால் போதும். திகதி தவறாக இருந்தால் பல இணையத்தளங்கள் திறக்காது, அதனால்தான் சொல்கிறேன்.

இனி இடம். எங்கள் கொழும்புத் தொடர்மாடிக் குசினிகளில் மேடைக்கு மேலே பெரும்பாலும் ஒரு சுவர் அலுமாரி இருக்கும். அதன் அடிப்பலகைக்கும் மேடைக்கும் நடுவே ஏறக்குறைய 50 சென்டிமீற்றர் வெறும் சுவர். அந்த வெளியில் கணினியைத் தலைகீழாகத் தொங்கவிடுங்கள். விசைப்பலகை கீழே பார்க்க, கீல் சுவர்ப்பக்கமாக இருக்க, அடிப்பாகம் அலுமாரியின் அடியில் அமரும். திரை மட்டும் அங்கிருந்து கீழே தொங்கும். நின்று சமைப்பவர் அதை நேராகப் பார்க்கலாம். மேசையில் உங்களுக்குத் தொல்லையாக இருந்த தளர்ந்த கீல் இங்கே தொல்லையே அல்ல. திரை தன் பாரத்திலேயே தொங்கி நிற்கும். ஆனால் தளர்ந்த கீல் வேறு, உடைந்த கீல் வேறு. கீலைச் சுற்றியுள்ள பிளாஸ்டிக் வெடித்திருந்தால் அதைத் திருத்தாமல் தொங்கவிடாதீர்கள்.

தச்சரிடமோ அலுமினிய வேலை செய்பவரிடமோ இதைச் சொல்லுங்கள். சுமார் 4.5 சென்டிமீற்றர் உயரமான இரண்டு மர ரீப்பைகளைக் கணினியின் அகலத்துக்கு ஏற்ற இடைவெளியில் அலுமாரியின் அடியில் பொருத்த வேண்டும். ஒவ்வொரு ரீப்பையின் கீழ்முகத்திலும் 2 மில்லிமீற்றர் தடிப்புள்ள அலுமினியப் பட்டியை, உட்பக்கமாக ஒரு சென்டிமீற்றர் நீட்டிக்கொண்டிருக்கும்படி, கீலுக்குச் சற்று முன்பே முடியும் நீளத்தில், திருகாணியால் பொருத்த வேண்டும். கணினியைத் திறந்தபடி ரீப்பைகளுக்கு நடுவே தூக்கிப் பிடித்து, பட்டிகளைக் கீழிருந்து முடுக்கினால், விசைப்பலகைப் பக்கத்தின் இரு ஓரங்களும் அந்த இரண்டு உதடுகளின் மேல் அமரும். துடைக்கவோ திருத்தவோ வேண்டுமானால், கணினியைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு பட்டிகளைக் கழற்றி எடுக்கலாம். முன்னால் ஒரு சிறிய தடை, தானாக வழுக்கி விழாமல் இருக்க. கணினியின் அடிப்பகுதிக்கும் அலுமாரிக்கும் நடுவே இரண்டு சென்டிமீற்றர் காற்று வெளி நிற்கும். விசிறி காற்றை இழுக்கும் துளைகள் அந்தப் பக்கம்தான் இருக்கின்றன. பக்கவாட்டில் சூடான காற்று வெளியேறும் இடத்திலும், வயர்கள் செருகும் இடத்திலும் ரீப்பையை வெட்டிவிடச் சொல்லுங்கள்.

அலுமாரியின் பலகை எதுவென்று தட்டிப் பாருங்கள். பல குசினி அலுமாரிகள் மரத்தூளை அழுத்திச் செய்த பலகையால் ஆனவை. கடற்காற்றின் ஈரம் பட்டால் அது ஊறி உதிரும். சாதாரணத் திருகாணி அதில் நிற்காது. ஊடே துளைத்து, அலுமாரியின் உட்பக்கம் வாஷர் வைத்து, 4 மில்லிமீற்றர் போல்ட்டால் இறுக்க வேண்டும். கணினியின் எடை இரண்டு, இரண்டரைக் கிலோதான். ஆனால் அது விழுந்தால் கொதிக்கும் சொதியிலோ அம்மாவின் கையிலோதான் விழும். இந்த ஒரு வேலையில் சிக்கனம் பார்க்காதீர்கள்.

திருகாணி முடுக்குவதற்கு முன் ஒரு சோதனை செய்து பாருங்கள். கணினியின் அமைப்பில் திரையின் காட்சியை 180 பாகை திருப்புங்கள். பிறகு கணினியைத் தலைகீழாகப் பிடித்து, மேலிருந்து கீழாகத் திரையைப் பாருங்கள். அந்தக் காலத்து விலை குறைந்த திரைகளைக் கீழிருந்து பார்த்தால் நிறங்கள் கறுத்து, புகைப்பட நெகட்டிவ் போலத் தெரியும். தலைகீழாகத் தொங்கும்போது, மேலிருந்து பார்க்கும் உங்கள் கண்ணுக்கு அந்தக் கெட்ட கோணம்தான் வந்து வாய்க்கும். மருந்து எளியது. திரையின் கீழ் விளிம்புக்கும் சுவருக்கும் நடுவே ஒரு மரத்துண்டு வைத்தால், திரை சற்று மேல்நோக்கிச் சாய்ந்து, நிற்பவர் முகத்தைப் பார்க்கும். அம்மாவின் உயரத்துக்கு அளந்து அந்தத் துண்டை வெட்டுங்கள், உங்கள் உயரத்துக்கு அல்ல.

வேலை முடிந்தால் திரையை மேலே மடித்து ஒரு பித்தளைக் கொக்கியில் மாட்டலாம். முழுவதுமாக அழுத்தி மூட வேண்டாம். அலுமினிய உதடு இடறித் திரை வெடிக்கும். ஒரு விரல் இடைவெளியில் நிற்கும்படி கொக்கியை அமைத்தால் போதும். காந்தப் பூட்டு வேண்டாம். திரை மூடியிருக்கிறதா என்று கணினி அறிவது பெரும்பாலும் ஒரு சிறு காந்தத்தால்தான். வேறொரு காந்தம் அருகே வந்தால் கணினி தூங்கிவிடும்.

கணினியிலேயே இருக்கும் கமரா இப்போது திரையின் கீழ் விளிம்புக்குப் போய், தலைகீழாக மூக்குத் துவாரத்தைப் படம்பிடிக்கும். தங்கை முகம் பார்க்க வேண்டும் என்பதும் உங்கள் ஆசை என்பதால், தனியாக ஒரு யூஎஸ்பி கமராவை வாங்கி அலுமாரியின் விளிம்பில் கவ்வ வையுங்கள். வயரில்லாத சிறிய விசைப்பலகையும் மவுஸும் தேவைப்படும். புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் இவையெல்லாம் கிடைக்கும். மாக் கையோடு தொடலாம், துடைக்கலாம், பழுதானால் வேறு வாங்கலாம்.

அலுமாரி வரிசையில் எந்தப் பகுதி? அடுப்புக்கு மேலும் அதற்கு அடுத்ததும் வேண்டாம். குறைந்தது மூன்றடி தள்ளியிருக்கட்டும். பாத்திரம் கழுவும் தொட்டிக்கு மேல் வேண்டாம். கீழே ரைஸ் குக்கரும் கேத்தலும் வைக்காத இடமாகவும் இருக்க வேண்டும், ஏனெனில் அவற்றின் ஆவி நேராக மேலேறி அலுமாரியின் அடியில்தான் தங்கும். என் வீட்டில் முதல் கணினியைத் தாளிக்கும் இடத்துக்கு எதிரே பொருத்தினேன். எண்ணெய்ப் புகை தூசியோடு கலந்து பசையாகி, சில மாதங்களிலேயே விசிறியை இறுக்கிவிட்டது. அதன்பின் மீன் பொரிக்கும்போது திரையை மடிப்பதும், மூன்று மாதத்துக்கு ஒருமுறை கழற்றி எடுத்துத் துளைகளைத் தூரிகையால் துலக்குவதும் எங்கள் வீட்டு வழக்கம். கரப்பான் பூச்சிக்கும் எறும்புக்கும் கணினியின் இளஞ்சூடு மிகவும் பிடிக்கும் என்பதையும் மறக்க வேண்டாம்.

சமையல் எரிவாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தரையில்தான் படியும். ஆகவே சார்ஜரையோ நீட்டிப்பு வயரையோ சிலிண்டர் இருக்கும் கீழ் அலுமாரிப் பக்கம் கொண்டுபோகாதீர்கள். மேலே, காற்றோட்டமான இடத்தில் வையுங்கள். மேடைக்கு மேலுள்ள சொக்கட்டிலேயே செருகுங்கள். வயர் சொக்கட்டுக்குப் போகும் முன் ஒருமுறை கீழே வளைந்து ஏறட்டும்; வயரில் வழியும் ஈரம் அந்த வளைவிலிருந்து சொட்டிவிடும், சொக்கட்டுக்குள் போகாது. சதுர முனைச் சொக்கட்டில் பேனாவைக் குத்தித் திறந்து வட்ட முனைப் பிளக்கைச் செருகும் பழக்கம் பல வீடுகளில் இருக்கிறது. ஈரக்கை புழங்கும் குசினியில் அது உயிரோடு விளையாட்டு. முறையான 13 அம்பியர் பிளக் போட்டு, அதனுள் 3 அம்பியர் பியூஸ் வையுங்கள். வீட்டின் ட்ரிப் சுவிட்சில் உள்ள சோதனைப் பொத்தானையும் அழுத்திப் பாருங்கள். விழவில்லையென்றால் கணினி வேலையை நிறுத்திவிட்டு முதலில் மின் திருத்துநரை அழையுங்கள்.

உள்ளே இருக்கும் மென்பொருளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம். விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியோடு முடிந்தது. விண்டோஸ் 11, 2013ஆம் ஆண்டுக் கணினியை ஏற்பதில்லை. விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் என்ற இயங்குதளத்தின் எக்ஸ்எஃப்சிஇ பதிப்பை நிறுவுங்கள். இலவசம், 4 ஜிபி நினைவகத்தில் தாராளமாக ஓடும். அதற்கு முன் பழைய வன்தட்டில் உள்ள படங்களைப் பிரதி எடுத்துக்கொண்டு, அதற்குப் பதிலாக 2.5 அங்குல எஸ்எஸ்டி (சுழலும் தட்டு இல்லாத, வேகமான சேமிப்பகம்) ஒன்றைப் போடச் சொல்லுங்கள். இந்த முழு முயற்சியிலும் பணத்துக்கு உரிய பயன் இதில்தான் அதிகம். திறக்க நிமிடக்கணக்கில் எடுத்த கணினி நொடிக்கணக்கில் திறக்கும். தமிழில் தட்டச்சிடத் தமிழ்99, ஒலிப்புமுறை, ரெங்கநாதன் ஆகிய மூன்று விசைப்பலகை அமைப்புகளும் லினக்ஸில் உண்டு. எழுத்தளவை ஒன்றரை மடங்காக்கி, திறந்ததும் வானொலிப் பக்கம் வரும்படி அமைத்துவிடுங்கள். எல்லோரும் தொடும் கணினி என்பதால் வங்கிக் கணக்கை மட்டும் இதில் திறக்காதீர்கள்.

மைக்ரோவேவ் அடுப்பு ஓடும்போது தங்கையின் முகம் உறைந்து நின்றால் கணினியைக் குறை சொல்ல வேண்டாம். மைக்ரோவேவும் பழைய கணினியின் வைஃபையும் பெரும்பாலும் ஒரே 2.4 கிகாஹேர்ட்ஸ் அலைவரிசையிலேயே இயங்குகின்றன. உங்கள் ரவுட்டர் 5 கிகாஹேர்ட்ஸ் தருமானால், அதைப் பிடிக்கும் சிறிய யூஎஸ்பி வைஃபை ஒன்றைச் செருகினால் தீரும். மின்கட்டணம் பெரிதாகக் கூடாது: 15 வாற்று வீதம் நாளுக்கு ஆறு மணித்தியாலம் ஓடினால் மாதத்துக்கு மூன்று அலகுக்கும் குறைவு.

வாடகை வீடென்றால் அலுமாரியில் துளையிடும் முன் வீட்டுக்காரரிடம் கேட்டுவிடுங்கள். பற்றரியை அகற்றியபின் மூன்று அளவுகளை எழுதி அனுப்புங்கள்: அலுமாரியின் ஆழம், அதன் அடிக்கும் மேடைக்கும் இடையிலான உயரம், அம்மா மேடையருகே நிற்கும்போது தரையிலிருந்து அவருடைய கண்ணின் உயரம். ரீப்பைக்கும் அந்த மரத்துண்டுக்கும் அளவு குறித்து, தச்சரிடம் கொடுக்கக்கூடிய படமாக வரைந்து அனுப்புகிறேன்.