வீட்டின் இரைச்சலும் ஒழுங்கின்மையும் குழந்தையின் தூக்கத்தைக் கெடுக்குமா?

ஆறு வயது மகள் படுத்த பின்னும் நெடுநேரம் புரண்டுகொண்டிருப்பதற்கு வீட்டின் ஓயாத பரபரப்பு காரணமாகுமா என்று கேட்டிருக்கிறீர்கள். ஆகும்.

ஆய்வாளர்கள் இங்கே கணக்கில் கொள்வது பொருள்கள் இறைந்து கிடப்பதை மட்டும் அல்ல. இரைச்சல், நெரிசல், எதுவும் வேளைக்கு நடக்காத நிலை ஆகிய அனைத்தையும்தான். இவற்றை அளப்பதற்கென்றே 15 கூற்றுகள் கொண்ட வினாத்தாள் ஒன்று 1995-இல் வெளியானது.

இரவு நெருங்கும்போது மூளையில் மெலடோனின் என்னும் ஹார்மோன் சுரந்து உடலைத் தூக்கத்துக்கு ஆயத்தப்படுத்துகிறது. ஒரு நாள் எட்டு மணிக்கும் மறுநாள் பத்தரைக்கும் சாப்பாடு, கூடத்தில் நள்ளிரவுவரை விளக்கும் தொலைக்காட்சியும் என்றிருந்தால், உடலின் கடிகாரத்துக்கு இரவு எப்போது தொடங்குகிறது என்பதே தெரியாமல் போகிறது. பிரகாசமான வெளிச்சம் மெலடோனின் சுரப்பைக் குறைக்கவும் செய்கிறது. இதைவிடக் கொடியது பெரியவர்களின் சண்டை. அடுத்து என்ன நடக்குமோ என்று காதைத் தீட்டிக்கொண்டிருக்கும் குழந்தையின் உடல் விழிப்பு நிலையிலேயே இருப்பதால், களைப்பிருந்தும் கண் அயர்வதில்லை.

6 முதல் 12 வயதுவரை நாளொன்றுக்கு 9 முதல் 12 மணி நேரத் தூக்கம் தேவை. அது குறையும் குழந்தை சோர்ந்து கிடப்பதற்குப் பதிலாக எரிச்சலும் துறுதுறுப்பும் காட்டுவதுண்டு. அதைக் குறும்பு என்று தண்டிப்பது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது.

ஒற்றை அறை வீட்டில் நெரிசலை மாற்ற இயலாது. அது பெற்றோரின் குற்றமும் அல்ல. ஆயினும் பல் துலக்குதல், விளக்கைத் தணித்தல், ஒரு கதை என்ற அதே வரிசையை அதே நேரத்தில் நாள்தோறும் கடைப்பிடிக்க அங்கும் முடியும்.