வாசகர் கேள்வி பதில்: பாஷோவின் தவளை

மாங்குளம் வாசகர்: பாஷோ என்றால் வாழை என்கிறார்களே, மெய்யா?

மெய்தான். பாஷோ, ஹைக்கு என்ற மூன்றடிக் கவிதைக்குப் பெயர்பெற்ற ஜப்பானியக் கவிஞர். 1644இல் இகாவில் பிறந்த மட்சுவோ முனேஃபுசா என்ற அவருக்கு, 1681இல் எடோவின் (இன்றைய டோக்கியோ) ஃபுககாவாவில் இருந்த குடிலில் நட ஒரு மாணவர் வாழைக்கன்று கொடுத்தார். அதனால் குடிலுக்கு வந்த 'பாஷோ' என்ற பெயர் பின்பு அவருக்கும் வந்தது. தின்னும் பழம் தராத வாழை அது. காற்றில் கிழியும் அதன் இலைதான் அவருக்குப் பிடித்தது.

முள்ளியவளை வாசகர்: 5-7-5 எழுத்து எண்ணி ஹைக்கு எழுதுகிறேன். கணக்கு நிரம்ப 'அந்த', 'ஒரு' சேர்க்க வேண்டியிருக்கிறது. சரியா?

சேர்க்காதீர்கள், கவிதை தொய்ந்துவிடும். ஜப்பானியர் எண்ணுவது எழுத்தை அல்ல, நம் மாத்திரைக்குக் கிட்டிய ஒலியளவை. நெடிலுக்கு இரண்டு. அதனால் டோக்கியோ அவர்களுக்கு நான்கு. எண்ணிக்கையை விடலாம், வெட்டையும் (கவிதையை இடையில் நிறுத்தும் இடம்) பருவச்சொல்லையும் (பருவத்தைக் காட்டும் சொல்) விடக்கூடாது.

பாஷோவின் 1686ஆம் ஆண்டுத் தவளைக் கவிதை: 'ஃபுருஇகே யா / கவாசு தோபிகோமு / மிசு நொ ஓதோ.' பழங்குளம், தவளை பாய, நீரின் ஓசை. முதலடி முடிவிலுள்ள 'யா' வெட்டுச்சொல். அதற்குத் தனிப்பொருள் இல்லை. வாசிப்பவரை அங்கே நிறுத்தும். 'பழைய குளத்தில் தவளை குதித்த சத்தம்' என்று வேற்றுமை உருபு போட்டு ஒட்டினால் அந்த நிறுத்தம் போய், வெறும் தகவல் மிஞ்சும். தமிழில் முதலடியைப் பெயர்ச்சொல்லோடு முடித்துவிடுங்கள். இன்னொன்று: இது இரணைமடு போன்ற பெருங்குளமல்ல. கேணியளவு நீரை நினைத்தால்தான் அந்தச் சின்ன ஓசை கேட்கும்.

அவர்களுக்குத் தவளை வசந்தத்தின் சொல். வன்னியில் அது மாரிக்குரியது. ஆகவே செர்ரிப் பூவைத் தேடாதீர்கள்: குளம் வான் பாய்ந்தால் மாரி, பாலைப்பழம் என்றால் கோடை. ஒரு கவிதைக்கு ஒரு பருவச்சொல் போதும். இரண்டு வந்தால் ஒன்றையொன்று மங்கச் செய்யும்.

கிளிநொச்சி வாசகர்: ஹைக்குவைத் திருத்தி எழுதலாமா? அந்தக் கணமே வந்ததுதான் உண்மை என்கிறார் நண்பர்.

பாஷோ திருத்தினார். 1689 வடநாட்டுப் பயணத்தில், யாமதேரா மலைக்கோயிலில் பிறந்த கவிதையின் முதல் வடிவம் உடன்சென்ற சோராவின் குறிப்பில் இருக்கிறது: 'மலைக்கோயில், கல்லில் ஒட்டும் சில்வண்டின் குரல்.' பயண நூலில் அது 'எத்தனை அமைதி. பாறைக்குள் ஊறும் சில்வண்டின் குரல்' என்று நிற்கிறது. இடம் போய் அமைதி வந்தது. 'ஒட்டும்' போய் 'ஊறும்' வந்தது. ஒட்டுவது கல்லின் மேலேயே நின்றுவிடும், ஊறுவது உள்ளே இறங்கும்.